பட்டன் இட்லித் தட்டு வாங்கலாமா?

வெள்ளை இட்லியைத் தவிர வேறெதையும் தொடாத 3 வயதுப் பிள்ளைக்குத் தாராளமாக வாங்கலாம். எவர்சில்வர் தட்டே நல்லது. குழி விளிம்பு கூராக இருக்கிறதா என்று கடையிலேயே விரலால் தடவிப் பாருங்கள்.

எண்ணெய் தடவி, முக்கால் குழி மட்டும் மாவு ஊற்றுங்கள். நிரப்பினால் உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 6, 7 நிமிடத்தில் வெந்துவிடும். அதற்கு மேல் விட்டால் ஓரம் காய்ந்து ரப்பர் மாதிரி ஆகும், பிள்ளை துப்பிவிடும்.

இதன் பெரிய பலன், புதுச் சுவையை ஒரே வாய் அளவில் கொடுக்க முடிவதுதான். கொஞ்சம் மாவைத் தனியே எடுத்து, வேகவைத்த கேரட்டைத் தண்ணீர் விடாமல் அரைத்துக் கலக்குங்கள். தண்ணீர் சேர்ந்தால் மாவு நீர்த்து இட்லி தட்டையாகும். 5 வெள்ளை இட்லிக்குப் பக்கத்தில் 1 கேரட் இட்லி போதும். சொல்லியே வையுங்கள், ஒளித்துக் கொடுத்து மாட்டிக்கொண்டால் வெள்ளை இட்லியையும் சந்தேகப்படும். தொட்டுவிட்டு ஒதுக்கினால் விட்டுவிடுங்கள், கெஞ்சவோ மிரட்டவோ வேண்டாம். 10, 15 முறை தட்டில் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் வாயில் வைக்கும்.

குறை என்றால் கழுவுவதுதான். மாவு காய்வதற்குள் ஊறப்போடுங்கள். இன்னும் சின்னப் பிள்ளை என்றால் இட்லியை நான்காக நறுக்கிக் கொடுங்கள்.