நாயா, பூனையா, தற்காலிக வளர்ப்பா: சிங்கப்பூரில் வாடகை வீட்டில் வாழ்வோருக்கான ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் செல்லப்பிராணி ஒன்றைத் தத்தெடுக்கலாமா என்று யோசிக்கும், இந்தியாவிலிருந்து வந்த நம்மவர்கள் பெரும்பாலும் நாயா பூனையா என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சொந்த வீடும் நிரந்தரவாசமும் உள்ளவருக்கு அது பொருத்தமான தொடக்கம். எம்ப்ளாய்மெண்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வாடகை வீட்டில் குடியிருப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: நாளை வேலை போய்விட்டால் அந்த உயிர் எங்கே போகும்? பாஸ் ரத்தான பிறகு நமக்குப் பொதுவாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கிறது. இந்தியாவுக்குள் நாயையோ பூனையையோ கொண்டுசெல்ல வேண்டுமானால், புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஊசி போட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. சிங்கப்பூரிலோ 1953 முதல் வெறிநோயே இல்லை என்பதால், இங்குள்ள கால்நடை மருத்துவர்கள் கேட்டாலொழிய அந்த ஊசியைப் போடுவதில்லை. இந்த மூன்று செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வேலை போன மறுநாளே மருத்துவரிடம் ஓடினாலும் நாள்கணக்கு இடிக்கும் என்பது விளங்கும். கீழே நான் ஒப்பிடும் வழிகள் எல்லாவற்றையும் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் எடைபோட்டிருக்கிறேன்.

முதலில் நாய். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய) வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் கழகம் ஏற்றுக்கொண்ட சிறிய இனங்களின் பட்டியலில் இருக்க வேண்டும். ஷி சூ, மால்டீஸ், பொமரேனியன், பக் போன்றவை பட்டியலில் உண்டு. பீகிள், கார்கி, லாப்ரடார் கிடையாது. விதியை மீறினால் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். காப்பகங்களில் வீட்டுக்காகக் காத்திருப்பவற்றில் பெரும்பாலானவையோ இந்தப் பட்டியலுக்குள் அடங்காதவை. 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று இங்கே செல்லமாக அழைக்கப்படும் கலப்பின நாய்கள். பழுப்பு நிறமும் விறைத்த காதும் சுருண்ட வாலுமாக, நம் ஊர்த் தெருமுனையில் படுத்திருக்கும் நாட்டு நாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம். இவற்றையும் வீவக வீட்டில் வளர்க்க வழிசெய்ய 2012இல் 'புராஜெக்ட் அடோர்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் 50 சென்டிமீட்டர் உயரம், 15 கிலோ எடை என்ற வரம்புகள் இருந்தன. 2020இல் உயர வரம்பு 55 சென்டிமீட்டர் ஆக்கப்பட்டு, எடை வரம்பு நீக்கப்பட்டது. திட்டத்தில் பங்கேற்கும் விலங்குநல அமைப்புகளின் வழியாகத்தான் எடுக்க முடியும். நாய்க்குக் கருத்தடையும் மைக்ரோசிப்பும் உரிமமும் இருக்க வேண்டும், அடிப்படைக் கீழ்ப்படிதல் பயிற்சியும் கட்டாயம். சுங்கை தெங்கா சாலைப் பக்கமுள்ள காப்பகம் ஒன்றுக்கு நண்பர் குடும்பத்துடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். குழந்தைகள் தேர்ந்தெடுத்த நாயின் தோள்பட்டை வரை தன்னார்வலர் அளவுநாடாவைப் பிடித்தார். அது 57 காட்டியது. அந்த வீட்டின் சின்னவள் அன்று மாலைவரை யாருடனும் பேசவில்லை.

விதிகளைத் தாண்டியும் நாய்க்குச் சில கணக்குகள் இருக்கின்றன. காலை எட்டுக்குக் கிளம்பி இரவு ஏழரைக்குத் திரும்பும் இருவர் மட்டுமே உள்ள வீட்டில், பதினொன்றரை மணி நேரம் தனியாக இருக்கும் நாய் குரைக்கும். சுவரை ஒட்டிச் சுவர் இருக்கும் புளோக்கில் அந்தக் குரைப்பு விரைவிலேயே புகாராக மாறும். பணிப்பெண் இருக்கிறாரே என்று சிலர் சொல்வதுண்டு. அவருடைய வேலைப்பட்டியலில் இன்னொரு உயிரைச் சேர்ப்பதற்கு முன், அவருக்கு நாய் என்றால் பயமா, சமயக் காரணத்தால் தொடத் தயங்குவாரா என்று கேட்பது அடிப்படை மரியாதை. மின்தூக்கியில் உடன் வரும் மலாய் அண்டைவீட்டாரிடமும் அதே கவனம் தேவை. கயிற்றைக் குறுக்கிப் பிடித்து ஓரமாக நிற்பது, அல்லது அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பது இங்கே எழுதப்படாத ஒழுங்கு. பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லாததால், மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிதான். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பூனைக்கு ஒருவர் நாளுக்கொரு முறை வந்து உணவும் மணலும் பார்த்துவிட்டுப் போனால் போதும். நாயை விடுதியில்தான் விட்டாக வேண்டும். அந்தச் செலவு சில சமயம் நம் விமானச்சீட்டுக்கு அருகில் வந்து நிற்கும். உரிமக் கட்டணம் இவற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை: கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்குச் சுமார் 15 வெள்ளி, செய்யாததற்கு 90.

பூனையின் நிலைமை 2024 செப்டம்பர் 1 முதல் முற்றிலும் மாறிவிட்டது. அதற்கு முன் முப்பதாண்டுகளுக்கும் மேலாக வீவக வீடுகளில் பூனை வளர்க்கவே தடை இருந்தது. வளர்த்தவர்கள் திரைச்சீலைக்குப் பின்னால் வளர்த்தார்கள். இப்போது ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். அவற்றோடு விதிக்குட்பட்ட ஒரு நாயும் இருக்கலாம். தனியார் வீடுகளிலும் கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடியிலும் நாயும் பூனையுமாக மொத்தம் மூன்று. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவிடம் உரிமம் பெற வேண்டும், மைக்ரோசிப் பொருத்த வேண்டும், முதன்முறை விண்ணப்பிப்பவர் இலவச இணையப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். இந்தச் சட்டமாற்றம் வாடகைக்காரருக்கு எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதைத் தடைக்காலத்தில் இங்கே இருந்தவர்களே அறிவார்கள். முன்பு வீட்டு உரிமையாளர் சம்மதித்தாலும் விதி சம்மதிக்காது. இப்போது விதி சம்மதிக்கிறது, உரிமையாளரைச் சம்மதிக்கவைப்பது மட்டுமே மீதி.

அந்த மீதியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். எங்கள் முந்தைய வீட்டுக்கு முகவர் தொலைபேசியில் "பூனைதானே, பரவாயில்லை" என்றார். ஒப்பந்தத்தில் அந்தப் 'பரவாயில்லை' ஏறவில்லை. வீட்டை ஒப்படைத்த நாளில் சோபாவின் ஓரத்து நூல் பிரிந்திருந்ததையும், மெத்தையில் பூனை முடி இருந்ததையும் காட்டி வைப்புத்தொகையில் ஒரு பெரிய பகுதியைக் கழித்தார்கள். வாதாட எங்களிடம் ஒரு வரி எழுத்துகூட இல்லை. புதிய வீட்டில் பூனையின் எண்ணிக்கை, பயன்படுத்தப்படும் அறைகள், காலி செய்யும்போது செய்ய வேண்டிய சுத்தம், உண்ணி மருந்து தெளிப்பு எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் தனிப் பிரிவாக எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஓராண்டுக்குப் பிறகு வேலை காரணமாக வெளியேற இடமளிக்கும் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' நமக்கு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இந்தப் பிரிவும்.

பூனையைத் தத்தெடுப்பதாக முடிவானால், குட்டியைவிட இரண்டு மூன்று வயதுப் பூனையையே நான் பரிந்துரைப்பேன். குட்டியின் குணம் இன்னும் உருவாகாதது. வளர்ந்த பூனையின் குணத்தைக் காப்பகத்தில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். எங்கள் மிளகு, கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதுநுனி வெட்டப்பட்ட சமூகப் பூனையாகப் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்தவள். வந்த முதல் மூன்று நாளும் துவைக்கும் இயந்திரத்தின் பின்னால்தான் இருந்தாள். நள்ளிரவு இரண்டு மணிக்கு வெளியே வந்து சாப்பிடும் சத்தம் மட்டும் கேட்கும். நான்காம் நாள் இரவு என் கணுக்காலில் ஈரமாக ஏதோ பட்டது, அவள் மூக்கு. அவள் வருவதற்கு முன்பே எல்லாச் சன்னல்களுக்கும் வலை அடித்திருந்தோம். பலரும் மறப்பது குளியலறைச் சன்னலையும் துணி காயப்போடும் பக்கத்தையும். பதினான்காம் மாடியில் அந்த மறதிக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. நம் வீடுகளுக்கே உரிய ஆபத்துகளும் சில உண்டு. சாம்பாரிலும் குழம்பிலும் கிடக்கும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. பாயசத்தின் உலர்திராட்சை நாய்க்கு ஆகாது. பூசையறைக் கற்பூரம் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. லில்லிப் பூங்கொத்து பூனை உள்ள வீட்டுக்குள் நுழையவே கூடாது. மல்லிகைச் சரத்தால் தீங்கில்லை, நூலை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

செலவில், எங்கள் கணக்குப்படி உணவு, மணல், சில்லறை எல்லாம் சேர்த்து மாதம் ஏறத்தாழ நூறு வெள்ளி. நண்பர் வளர்க்கும் ஷி சூவுக்கு முடி திருத்தம் உட்பட அதன் இரண்டரை மடங்கு ஆகிறது.

மூன்றாவது வழியைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பது எனக்கு வியப்பு. விலங்குநல அமைப்புகள் பலவும் தற்காலிக வளர்ப்பு வீடுகளைத் தேடிக்கொண்டே இருக்கின்றன: அறுவைக்குப் பிறகு இரண்டு வாரம் ஓய்வெடுக்க வேண்டிய பூனை, தாயை இழந்த குட்டிகள், காப்பகக் கூச்சலில் உணவு எடுக்காத வயதான நாய். மருத்துவச் செலவைப் பெரும்பாலும் அமைப்பே ஏற்கிறது. நிரந்தர வீடு கிடைத்ததும் பிராணி அங்கே போய்விடும். வீட்டில் வைத்திருக்கும் எண்ணிக்கை விதிகள் இதற்கும் பொருந்தும், உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். வேலை போனால் என்ன ஆகும் என்ற முதல் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் வழி இது ஒன்றுதான். ஆனால் எளிது என்று நினைத்து இறங்கினால் ஏமாற்றம். மூன்று வார வயதுள்ள இரண்டு குட்டிகளை நாங்கள் ஒரு மாதம் வைத்திருந்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டிகளுக்கான பால்; ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும், அது தாய்ப்பூனையின் நாக்கு செய்யும் வேலை. காலையில் கடுகு நிறுக்கும் தராசில் கிண்ணத்தோடு வைத்து எடை பார்ப்போம். நேற்றைவிடப் பத்து கிராம் கூடியிருந்தால் அன்று நிம்மதியாக அலுவலகம் போகலாம். அவை கிளம்பிய நாளில் என் மனைவி தராசை உடனே உள்ளே எடுத்து வைக்கவில்லை. இங்கே எவ்வளவு காலம் இருப்போம் என்று தெரியாதவர், முதன்முறை பிராணி வளர்ப்பவர், குழந்தையின் ஒவ்வாமையைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர் ஆகிய மூவருக்கும் நான் இதையே முதலில் சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) இரண்டு மூன்று ஆண்டுகளே வாழ்கிறது, ஏறத்தாழ ஒரு முதல் எம்ப்ளாய்மெண்ட் பாஸின் காலம். முறையாக விடைபெறும் ஒரே செல்லப்பிராணி என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். முயல் பத்தாண்டு வரை வாழக்கூடியது, வெப்பம் தாங்காதது. குழந்தைக்குப் பொம்மையாக வாங்கப்பட்டுக் கைவிடப்படுவதில் முன்வரிசையில் நிற்பது. முள்ளெலியும், மரத்துக்கு மரம் மிதந்து தாவும் சிறு விலங்கான சுகர் கிளைடரும் இங்கே சட்டவிரோதம். ஊரிலிருந்து சொந்த நாயைக் கொண்டுவர நினைப்பவர், வெறிநோய் எதிர்ப்பாற்றலுக்கான இரத்தப் பரிசோதனை, இறக்குமதி உரிமம், தனிமைப்படுத்தும் நிலையத்தில் முன்பதிவு ஆகியவற்றுக்கு மாதக்கணக்கில் திட்டமிட வேண்டும். அதன் பிறகும் அது ராஜபாளையமாக இருந்தால் வீவக வீட்டில் இடமில்லை. மலேசியாவின் ஜொகூரிலிருந்து மலிவு விலையில் குட்டி வரவழைத்துத் தருவதாக இணையத்தில் சொல்பவர்களிடம் பேச்சே கொடுக்க வேண்டாம். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் பிடிபடும் கடத்தல் குட்டிகளின் கதை நல்லதாக முடிவதில்லை. எதை வளர்த்தாலும், கைவிடுவது குற்றம்: முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு.

நாய்க்கும் பூனைக்கும் இடையே தயங்கும் வாடகைக்காரருக்குப் பூனை என்பதே என் தீர்ப்பு, அதுவும் இங்கே குறைந்தது இரண்டாண்டு இருக்கப்போவது உறுதியானால். அந்த இரண்டாண்டை நான் சும்மா சொல்லவில்லை. இரண்டாண்டு தொடர்ந்து வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புபவர், பயணப் பொதியாக (பேகேஜ்) இரண்டு செல்லப்பிராணிகள் வரை இந்தியாவுக்குக் கொண்டுவர விதி இடமளிக்கிறது. இந்திய விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் தடையின்மைச் சான்று முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அந்த அலுவலகம் உள்ள விமான நிலையங்களில்தான் இறங்க முடியும், நல்லவேளையாகச் சென்னை அவற்றில் ஒன்று. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களையும் பாரசீகப் பூனைகளையும் ஏற்றப் பல விமான நிறுவனங்கள் தயங்குகின்றன என்பதைத் தத்தெடுக்கும் நாளிலேயே நினைவில் வைத்திருப்பது நல்லது. மிளகுக்கு வெறிநோய் ஊசி வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது மருத்துவர் காரணம் விசாரித்தார். எங்கள் பாஸ் அடுத்த ஆண்டு புதுப்பிப்புக்கு வருகிறது என்றதும் மேலே கேட்காமல் போட்டுவிட்டார். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கிறோம். பயணக் கூண்டை இப்போதே வாங்கி, கதவைக் கழற்றிவிட்டு வரவேற்பறை மூலையில் வைத்திருக்கிறோம். மதிய வெயிலுக்கு அவள் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.