புல்ஸ்ஐ பந்தயத்துக்கு எந்த .22 பிஸ்டல்? நான் ரூகர் பக்கம்

புல்ஸ்ஐ என்கிற, வட்டக் குறித்தாளில் பிஸ்டலால் சுடும் துல்லியப் பந்தயத்துக்காக மூன்று மாதம் யோசித்து, கடைசியில் ரூகர் மார்க் 4 டார்கெட் வாங்கினேன். கூடவே மனதில் இருந்தவை பிரௌனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 41. மூன்றுமே .22 எல்ஆர் என்கிற சின்னத் தோட்டா (சுமார் 0.22 அங்குல விட்டம்) போடும், சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக். அமெரிக்காவில் புல்ஸ்ஐ சுடுகிறவர்கள் மத்தியில் அடிக்கடி கண்ணில் படுகிறவை.

புல்ஸ்ஐயில் ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். 50 கெஜத்தில் பத்து நிமிடத்துக்குப் பத்து தோட்டா. அப்புறம் 25 கெஜத்தில் 20 நொடிக்கு ஐந்து, அடுத்து 10 நொடிக்கு ஐந்து. துல்லியத்தில் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம், என்னைப் போல இரண்டு வருடம் சுட்டவருடைய தாளில் தெரியாது. விலையும் தெரிந்ததுதான்: ரூகரும் பக் மார்க்கும் ஏறக்குறைய ஒரே மட்டம், மாடல் 41 அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

ட்ரிகரில் பக் மார்க் ஜெயிக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே இழுபடாமல் சட்டென்று விடுகிறது. ரூகரின் ட்ரிகர் கொஞ்சம் இழுபட்டுத்தான் விடுகிறது. இது தெரிந்தும் ரூகரை எடுத்ததற்கு ஒரே காரணம், சுத்தம் செய்வது.

இது சின்ன விஷயம் இல்லை. .22 தோட்டாவின் ஈயக் குண்டுக்கு உறை கிடையாது. மேலே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். சில நூறு தோட்டா போனதும் அந்த மெழுகு, ஈயம், கரி எல்லாம் சேர்ந்து சேம்பரின், அதாவது சுடும்போது தோட்டா உட்காரும் அறையின், வாயில் படிகிறது. அடுத்த தோட்டா கடைசி ஒரு மயிரிழை உள்ளே போகாமல் நிற்கும். இந்த மாதிரி ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பக்க விளிம்பில்தானே இருக்கிறது? தோட்டா முழுசாக உட்காராவிட்டால் ஊசி அடிக்கிற வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், வெடிக்காது. இரவல் பிஸ்டலைத் துடைக்காமல் கொண்டுபோய், 10 நொடிச் சுற்றில் மூன்றாவது தோட்டாவில் 'டிக்' என்ற வெறும் சத்தம் கேட்டபோதுதான் இது எனக்கு உறைத்தது.

மார்க் 4-இல் மேகசினை (தோட்டா அடுக்கும் கூடு) கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்து, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்டை இழுத்துவிட்டு, வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைப் போட வேண்டும். பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் முன்பக்கமாகச் சாய்ந்து கையோடு வந்துவிடும். போல்ட் தானாக வழுக்கி வெளியே வரும். பிரஷ்ஷை சேம்பர் பக்கமிருந்தே விடலாம், பேரல் முனை தேயாது. முக்கியமாக, குறிபார்க்கும் முன் சைட், பின் சைட் இரண்டும் அந்த மேல்பாகத்திலேயே இருப்பதால் குறி மாறுவதில்லை. எனக்குப் பத்து நிமிட வேலை.

ரூகர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1949-இல் வந்த முதல் மாடலிலிருந்து மார்க் 3 வரை கழற்றுவது சுலபம், மாட்டுவது சிரமம். உள்ளே ஊசியை அடிக்கும் ஹேமரின் தண்டு சரியான இடத்தில் விழ, துப்பாக்கியை மேலும் கீழும் சாய்த்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்து கழற்றாமலே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். 2016-இல் வந்த மார்க் 4 அந்தத் தலைவலியைத் தீர்த்தது. ஆனால் பழையதாக மார்க் 4 வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017 ஜூன் 1-க்கு முன் செய்தவற்றை நிறுவனம் திரும்பக் கேட்டது. சேஃப்டி பாதி வழியில் நிற்கும்போது ட்ரிகரை இழுத்தால், பிறகு சேஃப்டியை நகர்த்தும்போது வெடிக்க வாய்ப்பு இருந்தது. சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பக் மார்க்கைத் திறக்க மேலே இருக்கும் பட்டையின் இரண்டு திருகுகளை ஆலன் கீயால் கழற்ற வேண்டும். பின் சைட் அந்தப் பட்டையில்தான் உட்கார்ந்திருக்கிறது. திரும்ப மாட்டும்போது திருகு சரியாக இறுகாவிட்டால் சைட்டும் சேர்ந்து ஆடும். பந்தயத்துக்கு முந்தின ராத்திரி அந்தச் சந்தேகத்தோடு படுக்க எனக்கு மனசில்லை. முழுசாகக் கழற்றாமல், போல்டைப் பின்னுக்கு வைத்துத் துடைத்தே வருடக்கணக்கில் நன்றாகச் சுடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

மாடல் 41 பற்றி அதிகம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நண்பருடையதில் இரண்டு பெட்டி சுட்டதோடு சரி. 1957 முதல் வருகிற துப்பாக்கி. ட்ரிகர் வளையத்தைக் கீழே இழுத்தால் பேரல் இரண்டு சைட்டோடும் கழன்று வருகிறது, ஆக என் அளவுகோலில் அதுவும் தேறும். கையில் அது உட்காரும் விதம் அலாதி. வேகமான தோட்டா அதற்கு ஆகாது, ஸ்டாண்டர்ட் வெலாசிட்டிதான் போட வேண்டும் என்று அவர் சொன்னார். காசு இருந்திருந்தால் என் முடிவு மாறியிருக்கலாம்.

ரூகரின் ட்ரிகருக்கு வோல்குவார்ட்சன் என்ற நிறுவனத்தின் மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. புல்ஸ்ஐ விதிப்படி .22-க்கு ட்ரிகர் எடை 2 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்பதால் ரொம்பவும் மெலிதாக்க முடியாது. மாற்றலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தக் கோடைப் பந்தயங்களை இருக்கிற ட்ரிகரிலேயே சுட்டுப் பார்க்கப் போகிறேன்.