சூடைக் கூறா, மாத்திரை டப்பாவா, கருவாடா?

பாம்பனில் என் மதினி வீட்டு அடுக்களையில் மூன்று பொருள்கள் பக்கம் பக்கமாக இருந்தன. காலையில் கூடைக்காரம்மாவிடம் வாங்கிய ஒரு கூறு சூடை மீன், துபாயிலிருக்கும் மகன் அனுப்பிய மீன் எண்ணெய் மாத்திரை டப்பா, தாளில் சுற்றி மேல்தட்டில் வைத்திருந்த காரல் கருவாடு. இரத்தக் கொதிப்புக்கு மருந்து சாப்பிடும் மதினி என்னிடம், "தெனம் ஒண்ணு முழுங்கினா மீனே வேணாமாமே, நெசமா தம்பி?" என்று கேட்டார். மூன்றுமே மீன்தான் என்றாலும், கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் மூன்றைப் பற்றியும் மூன்று விதமாகச் சொல்வதால், அவருடைய கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் தர முடியவில்லை.

முதலில் டப்பாவின் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படித்தேன். ஒரு மாத்திரையில் 1,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் இருக்கிறது. ஆனால் இதயத்துக்கு நல்லது என்று பேசப்படும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் இ.பி.ஏ. 180 மில்லிகிராமும் டி.எச்.ஏ. 120 மில்லிகிராமும் மட்டுமே உள்ளன. ஆயிரம் என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பதில் நமக்கு வேண்டியது முந்நூறுதான். நன்கு கொழுப்பேறிய மத்தி மீனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் ஒமேகா-3 கிடைக்கும்; அது இத்தகைய மாத்திரை மூன்றுக்கும் மேல். சூடை அந்த அளவுக்குக் கொழுத்த மீன் அன்று. எந்த மீனுக்கும் பருவத்தைப் பொறுத்துக் கொழுப்பு ஏறி இறங்கும் என்பதால், மாத்திரையைப் போல நாள்தோறும் ஒரே அளவு என்று மீனை எண்ணிவிட முடியாது. அளவு மாறாமல் கிடைப்பது மாத்திரையின் பக்கம் உள்ள உண்மையான சிறப்பு.

ஆனால் அந்த மாறாத அளவு உடலில் என்ன செய்தது என்பதைப் பெரிய சோதனைகளில் பார்த்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. அமெரிக்காவில் 25,871 பேரைச் சராசரியாக ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்து 2018இல் முடிவு வெளியான வைட்டல் ஆய்வில், நாளுக்கு ஒரு கிராம் மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் இடையே மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் மொத்தக் கணக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நீரிழிவுள்ள 15,480 பேரிடம் நடந்து அதே ஆண்டில் வெளியான அசென்ட் ஆய்விலும் இதே முடிவுதான். வைட்டல் ஆய்வுக்குள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. வாரத்துக்கு ஒன்றரை வேளைக்கும் குறைவாக மீன் சாப்பிட்டவர்களிடம் மட்டும் அந்த நோய்கள் 19 சதவீதம் குறைந்து காணப்பட்டன. மீன் சாப்பிடாதவருக்கு மாத்திரை ஓரளவு ஈடு செய்யலாம் என்பதற்கு இது குறிப்பாகுமே தவிர, உறுதியான சான்றாகாது. பாம்பனிலும் தொண்டியிலும் கீழக்கரையிலும் வாரம் நாலு நாள் மீன் ஏறும் சட்டியை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பும் பொருந்தாது.

அதிக அளவில் எடுத்தால் என்ன ஆகும் என்பதில் ஆய்வாளர்களே இரண்டுபட்டு நிற்கிறார்கள். நாளுக்கு நான்கு கிராம் தூய இ.பி.ஏ. தந்த ரெட்யூஸ்-இட் ஆய்வில், இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுந்திருந்த 8,179 பேரிடம் இதய நிகழ்வுகள் 25 சதவீதம் குறைந்தன. அதே நான்கு கிராமை இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் கலந்து 13,078 பேருக்குத் தந்த ஸ்ட்ரெங்த் ஆய்வு பயனில்லை என்று 2020இல் நிறுத்தப்பட்டது. முதல் ஆய்வில் ஒப்பீட்டுக்குத் தரப்பட்ட கனிம எண்ணெயே மறுதரப்பின் நிலையை மோசமாக்கியிருக்கலாம் என்ற ஐயம் இன்றும் தீரவில்லை. இன்னொரு பக்கம், 81,210 பேரை உள்ளடக்கிய ஏழு சோதனைகளைத் தொகுத்து 2021இல் வெளியான பகுப்பாய்வு, ஒமேகா-3 மாத்திரை எடுத்தவர்களிடம் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு கூடியதைக் காட்டியது. நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் எடுத்த ஆய்வுகளில் அந்த உயர்வு 49 சதவீதம். டிரைகிளிசரைடுக்காக மருத்துவரே எழுதிக்கொடுத்த மாத்திரை என்றால் அது வேறு. அதை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மகன் அன்போடு அனுப்பினான் என்பதற்காக முழுங்குவதற்கு மட்டும் காரணம் இல்லை என்பது என் துணிபு.

மீனுக்கான சான்று மறுக்க முடியாதது என்று சொன்னால் அதுவும் நேர்மையாகாது. மாரடைப்பிலிருந்து மீண்ட 2,033 ஆண்களிடம் நடத்தப்பட்டு 1989இல் வெளியான டார்ட் சோதனையில், கொழுப்புள்ள மீனை வாரம் இரண்டு வேளை உண்ணுமாறு அறிவுறுத்தப்பட்டவர்களிடம் இரண்டாண்டுகளில் மரணம் 29 சதவீதம் குறைந்தது. ஆனால் நெஞ்சுவலி நோயாளிகளான 3,114 ஆண்களிடம் நடந்து 2003இல் வெளியான இரண்டாவது டார்ட் சோதனை அந்தப் பயனைக் காட்டவில்லை. 58 நாடுகளின் 1,91,558 பேர் தரவுகளைச் சேர்த்து 2021இல் வெளியான ஆய்வு இந்த முரணைத் தீர்க்காவிட்டாலும் இன்னொரு குறிப்பைத் தருகிறது. ஏற்கெனவே இதய, இரத்தக்குழாய் நோய் உள்ளவர்களில் வாரம் 175 கிராமுக்குக் குறையாமல் மீன் உண்டவர்களுக்கு ஆபத்து குறைந்திருந்தது. நோயற்றவர்களிடம் அத்தகைய தொடர்பு தெரியவில்லை.

அப்படியிருந்தும் நான் மீனின் பக்கம் சாய்வதற்குக் காரணம், மாத்திரையில் எண்ணெய் மட்டும் இருக்க, சூடையில் அதனோடு புரதமும் பி12உம் அயோடினும் சேர்ந்து வருவதுதான். மதினி செதில் சுரண்டி, தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, புளியும் மாங்காயும் போட்டுக் கொதிக்கவிட்ட குழம்பில் சிறிய சூடையின் நடுமுள் பல்லில் படாத அளவுக்கு மெத்தென்று ஆகிவிடுகிறது. பேரப்பிள்ளைகள் முள்ளோடு மென்று தின்கிறார்கள். முள்ளோடு உண்ணும் சிறுமீனின் சுண்ணாம்புச்சத்து, பாலில் இருப்பதற்கு ஏறக்குறைய இணையாக உடலில் சேர்கிறது என்பதை வங்கதேசத்துச் சிறுமீன்களைக் கொண்டு நடந்த ஆய்வு காட்டியுள்ளது. அதே சூடையை எண்ணெயில் முறுகப் பொரித்தால் கணக்கு மாறுகிறது. அமெரிக்க முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஆய்வில், சுட்டோ வாட்டியோ மீன் உண்டவர்களுக்கு இதயநோய் மரணம் குறைந்திருந்தது. பொரித்த மீன் உண்டவர்களுக்கு அந்த நன்மை இல்லை. குழம்பிலும் ஒரு கண்ணி உண்டு. மீன் ருசிக்க ருசிக்க இன்னொரு அகப்பை சோறு தட்டில் விழும் பழக்கம் நம் கரையில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. நீரிழிவுள்ளவருக்கு மீனின் நன்மையை அந்த அகப்பையே தின்றுவிடும்.

கருவாட்டின் முறை ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. அன்று முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலமான 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டுக் கிடக்க, நாட்டுப்படகில் வரும் கொஞ்ச மீன் விலையேறிப் போகிறது. நீர் வற்றியதால் எடைக்கு எடை புரதம் புதுமீனைவிடப் பன்மடங்கு இருப்பதும், நடுத்தர வீட்டுக்கும் கூலி வீட்டுக்கும் கைக்கெட்டுவதும் கருவாட்டின் பெருமை. ஆனால் கொழுப்பு மீனை வெயிலில் நாள்கணக்கில் காயவைத்தால் ஒமேகா-3 காற்றுப்பட்டுக் கெடுகிறது. சிக்கு வாடை அடிக்கும் கருவாடு அதற்கு அடையாளம். உப்பின் கணக்கு இன்னும் கடுமையானது. நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உப்புப் போட்டுக் காயவைத்த கருவாட்டின் எடையில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை உப்பாக இருக்கலாம் என்பதால், 30 கிராம் துண்டே 3 முதல் 6 கிராம் உப்பைக் கொண்டுவரும். சீன ஊர்ப்புறங்களில் 20,995 பேரிடம் நடந்து 2021இல் வெளியான சோதனையில், சமையல் உப்பில் நாலில் ஒரு பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றியதற்கே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. கொதிப்புள்ள மதினிக்கு இந்தச் செய்தி நேராகப் பொருந்தும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் பொட்டாசியம் உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறாப் புட்டு செய்து தரும் நம் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய மீனைத் தின்னும் மீன்களில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் சுறாவைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. அதே புட்டை வேறு சிறிய மீனின் சதையில் உதிர்த்துச் செய்யத் தடையேதும் இல்லை.

மாத்திரை டப்பாவை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டிக் கேட்பதாக மதினி எடுத்து வைத்துவிட்டார். காரல் கருவாட்டை இளஞ்சூட்டு நீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டு, நீரை மாற்றி மூன்று முறை அலசி, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் நிறையப் போட்டு, உப்புக் கிண்ணத்தைத் தொடாமலே குழம்பை இறக்குகிறார். அதுவும் மாதம் இரண்டு முறைதான். தடைக்காலத்துக்கென்று உப்பில்லாமல் காயவைத்த நெத்திலி எங்கே கிடைக்கும் என்று கூடைக்காரம்மாவிடம் இப்போதே விசாரித்து வைத்திருக்கிறார்.