காலி வீடா, ஆள் இருக்கும் வீடா? வாங்குமுன் சுவாதீனத்தைப் பாருங்கள்

வீடு வாங்கும்போது பத்திரத்தை வரிக்கு வரி படிக்கிறோம். ஆனால் அந்த வீட்டுக்குள் இன்று யார் இருக்கிறார், எந்த உரிமையில் இருக்கிறார் என்பதைப் பேச்சுவாக்கில் கேட்பதோடு சரி. முதலீட்டுக்காக வாங்குகிறவர்களை அதிகம் அலைய வைப்பது அந்த இரண்டாவது கேள்விதான் என்பது என் எண்ணம். சொத்துரிமை வேறு, சுவாதீனம் (இடத்தைத் தன் கையில் வைத்து அனுபவிப்பது) வேறு. வாடகைக்கு விட்டுவிட்டால் உரிமை உங்களிடம் இருக்கும், சுவாதீனம் குடியிருப்பவரிடம் போய்விடும். இன்னொரு சாவி உங்கள் கையில் இருந்தாலும் நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது.

காலி வீட்டில் இந்தச் சிக்கல் இல்லை. சாவி கைக்கு வந்த அன்றே பூட்டை மாற்றலாம். யாரைக் குடிவைப்பது, என்ன வாடகை என்பதெல்லாம் உங்கள் முடிவு. குறை என்னவென்றால், ஆள் வரும்வரை வருமானம் இல்லை. வீடு நீண்ட நாள் பூட்டியே கிடந்தால் பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் பாதுகாப்பும் சுருங்கிவிடும். அத்துமீறிக் குடியேறுகிறவர்களும் இப்படிப்பட்ட இடத்தைத்தான் தேடுவார்கள். இங்கிலாந்தில் குடியிருப்புக் கட்டடத்தில் அப்படிப் புகுந்து தங்குவதை 2012-இல் குற்றமாக்கினார்கள். வெற்று மனைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இந்தியாவிலோ, தனியார் சொத்தை வேறொருவர் உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால் அதை மீட்கும் உரிமையே போய்விடலாம். அதனால் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

ஆள் இருக்கும் வீட்டில் முதல் மாதமே வாடகை வரும். ஆனால் வீட்டோடு சேர்த்து ஓர் ஒப்பந்தத்தையும் வாங்குகிறீர்கள். பழைய ரோமானியச் சட்டத்தில் வீட்டை வாங்கியவர் வாடகைதாரரை வெளியேற்றிவிடலாம். வாடகைதாரர் பழைய உரிமையாளரிடம் நஷ்ட ஈடு கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஜெர்மனியின் சிவில் சட்டம் 566-ஆம் பிரிவில் அதை அப்படியே திருப்பிப்போட்டது: விற்பனை வாடகையை முறிக்காது. வீடு கை மாறுவதில் குடியிருப்பவரின் தவறு எதுவும் இல்லை என்பதால் இதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று பல நாடுகளில் நிலைமை ஏறக்குறைய இதுவே.

ஆகவே விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல் குடியிருப்பவரிடமே பேசுங்கள். வாடகை எவ்வளவு, எது வரை கட்டியிருக்கிறார், முன்பணம் எவ்வளவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, தனியாக வாய்மொழி வாக்குறுதி ஏதாவது உண்டா என்று கேட்டு, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணத்தை விலையில் கழிக்க மறந்தால், பின்னால் அவர் காலி செய்யும்போது அது உங்கள் பையிலிருந்து போகலாம்.

"வாடகை ஒப்பந்தம் வேண்டாம், தங்குவதற்கு அனுமதி என்று எழுதிக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் கிளப்பிவிடலாம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். 1985-இல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்டு வழக்கில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு, வாடகைக்கு, வீட்டைத் தனிச் சுவாதீனத்தில் கொடுத்திருந்தால், தாளில் 'அனுமதி' என்று இருந்தாலும் பொதுவாக அது வாடகைக் குடியிருப்புதான். இந்திய நீதிமன்றங்களும் தலைப்பை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைத்தான் பார்க்கின்றன. அப்புறம், மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டு போடுவது போன்ற வேலைகளில் இறங்கவே கூடாது. பல இடங்களில் அது சட்டவிரோதம், உள்ளே குழந்தைகளும் முதியவர்களும் இருப்பார்கள்.

என்னைக் கேட்டால், நீங்களே குடிபோக வாங்குவதென்றால் காலி வீடு. வாடகை வருமானம்தான் நோக்கம், ஒப்பந்தமும் ஒழுங்காக இருக்கிறது, குடியிருப்பவர் தவறாமல் கட்டுகிறார் என்றால் ஆள் இருக்கும் வீட்டை விடாதீர்கள்.

இந்த இரண்டிலும் சேராத ஒன்று உண்டு. விற்றவரே "இரண்டு மாதம் இருந்துவிட்டுக் காலி செய்கிறேன்" என்பது. நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். முழுப் பணமும் வாங்கிவிட்டவருக்குக் கிளம்ப அவசரம் இருக்காது. தவிர்க்க முடியாவிட்டால் காலி செய்யும் தேதியையும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்குமான தொகையையும் எழுதி வாங்குங்கள். விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, காலியான வீட்டை நேரில் பார்த்து, சாவியை வாங்கிய பிறகே கொடுங்கள்.