22 ஆண்டுகள் கிடப்பில் கிடந்த ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’: விளையாடத் தகுந்ததா?

கைவிடப்பட்ட வீடியோ கேம்களுக்கு ஒரு வசதி உண்டு. யாரும் விளையாடிப் பார்த்ததில்லை என்பதால், அவற்றில் எதுவும் மோசமான கேம் என்று பெயரெடுத்ததில்லை. சேகாவின் ‘சோனிக் எக்ஸ்ட்ரீம்’, காப்காம் நிறுவனம் பாதிக்கு மேல் செய்து முடித்தபின் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கிய ‘ரெசிடென்ட் ஈவில் 2’-இன் பழைய வடிவம் என்று எதைப் பற்றிப் பேசினாலும், பழைய பத்திரிகைகளில் வந்த சில படங்களை வைத்துக்கொண்டு மீதியை ஏக்கத்தால் நிரப்பிக்கொள்வதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. நின்டென்டோவின் விண்வெளிச் சண்டை கேமான ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’-வும் நெடுங்காலம் இந்த வரிசையில்தான் இருந்தது. 1995-இல் முடித்து, வெளியிடாமல் வைத்திருந்த அந்த கேமை, 2017 செப்டம்பர் 29 அன்று, தன் பழைய சூப்பர் என்இஎஸ் கன்சோலின் சிறு மறுவடிவமான ‘சூப்பர் என்இஎஸ் கிளாசிக் எடிஷன்’-க்குள் வைத்து அந்நிறுவனமே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே இதைக் காசு கொடுத்து வாங்கும் ஒரு பொருளாக எடைபோட இப்போது வழியிருக்கிறது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேம் நன்று, அதைக் கொடுத்திருக்கும் விதம்தான் அரைகுறை.

இதன் பின்னணியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு விளையாடுவது நல்லது. லண்டனைச் சேர்ந்த ஆர்கோனாட் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம், கேம் பாய் என்னும் எளிய கருவியில் முப்பரிமாண உருவங்களை ஓடவிட்டுக் காட்டி நின்டென்டோவின் கவனத்தைப் பெற்றது. அந்த உறவின் பயனாக, கன்சோலின் திறன் போதாத இடத்தில் கேம் பதிந்த கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு தனிச் சிப்பை வைத்துவிடும் ‘சூப்பர் எஃப்எக்ஸ்’ உருவாகி, 1993-இல் முதல் ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ வெளிவந்தது. அதன் வெற்றிக்குப் பின், மேம்படுத்தப்பட்ட சூப்பர் எஃப்எக்ஸ் 2 சிப்பை நம்பி இரண்டாம் பாகம் தொடங்கப்பட்டது. கட்சுயா எகுச்சி இயக்க, ஷிகெரு மியாமோட்டோ தயாரிப்பாளராக இருக்க, ஆர்கோனாட்டிலிருந்து கியோட்டோவுக்குச் சென்ற டிலன் கத்பர்ட் நிரல் எழுதும் பொறுப்பை ஏற்றிருந்தார். 1995 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் இது பொதுமக்கள் பார்வைக்கே வைக்கப்பட்டது. ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஜப்பானில் சேகா சாட்டர்னும் சோனியின் பிளேஸ்டேஷனும் என்ற புதிய கன்சோல்கள் கடைக்கு வந்திருந்தன. அவற்றின் முப்பரிமாணக் காட்சிகளுக்குப் பக்கத்தில் சூப்பர் என்இஎஸ்-இன் வழவழப்பற்ற பாலிகன்கள் (உருவங்களை ஆக்கும் பலகோணத் துண்டுகள்) ஏழைத்தோற்றம் தரும் என்ற அச்சமும், நிஜமான முப்பரிமாணம் என்றால் அது அடுத்த கன்சோலான நின்டென்டோ 64-இல்தான் தொடங்க வேண்டும் என்ற மியாமோட்டோவின் விருப்பமும் சேர்ந்து, ஏறக்குறைய முடிந்துவிட்ட கேமை நிறுத்திவிட்டன. நின்டென்டோ 64 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1996 ஜூனில். நடுவில் இந்த கேமை விற்றுப் பிழைத்திருக்கப் போதுமான காலம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

இனி கேமுக்கு வருவோம். முதல் பாகம் தண்டவாளத்தில் ஓடும் விளையாட்டு. விமானம் தானாக முன்னே போகும், நாம் சுடவும் விலகவும் மட்டுமே வேண்டும். இரண்டாம் பாகத்தைத் தொடங்கியதும் அந்தத் தண்டவாளமே காணாமல் போகிறது. லைலட் என்னும் கோள் மண்டலத்தின் வரைபடம் திரையில் விரிகிறது. ஒரு மூலையில் நாம் காக்க வேண்டிய கொர்னேரியா, எதிர்மூலையில் எதிரித் தலைவன் ஆண்ட்ராஸின் கோளான வீனம், நடுவே எதிரி பிடித்துவைத்திருக்கும் கோள்கள், அங்கிருந்து கொர்னேரியாவை நோக்கி ஊர்ந்துவரும் ஏவுகணைகள், போர்க்கப்பல்கள், சிறு விமானக் கூட்டங்கள். கொர்னேரியாவுக்கு ஏற்பட்ட சேதம் விழுக்காட்டில் காட்டப்படுகிறது. அது 100-ஐத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. நாம் நகராமல் நின்றால் வரைபடத்தில் எதுவும் நகராது. நாம் ஒரு திசையில் புறப்பட்டதும் எதிரிகளும் புறப்படுகிறார்கள். ஆனால் சண்டைக்குள் நுழைந்துவிட்டால் கதை வேறு. நாம் ஒரு கோளில் சுட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே வரைபடத்தில் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த ஒரு விதி முழு விளையாட்டையும் மாற்றிவிடுகிறது. மெக்பெத் கோளின் எதிரித் தளத்துக்குள் இறங்கி, கதவுகளைத் திறக்கும் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று வையுங்கள். வழக்கமான கேமில் அந்த மூலை முடுக்கெல்லாம் சாவகாசமாகத் துழாவிவிட்டு வருவேன். இங்கே ஒவ்வொரு நொடியும் எங்கோ ஓர் ஏவுகணைக்கு வழிவிட்ட நொடி. தளத்தைத் தகர்த்த மகிழ்ச்சியோடு வெளியே வந்தால், விட்டுவந்தபோது வெகுதூரத்தில் இருந்த இரண்டு ஏவுகணைகள் கொர்னேரியாவின் வாசலில் நிற்கின்றன. ஒன்றை மறிக்கத்தான் நேரமிருக்கிறது. எதை விடுவது, எதைப் பிடிப்பது, தாய்க்கப்பலுக்குத் திரும்பிப் பழுதுபார்த்துக்கொள்ள இப்போது நேரம் உண்டா என்ற கணக்கு ஓயாமல் மனத்தில் ஓடுகிறது. கைவேகத்தைச் சோதிக்கும் கேமுக்குள் ஒரு தளபதியின் கவலையை இப்படிப் புகுத்திய கேம்கள் 1995-இல் அரிது. இன்றும் இவ்வளவு குறைவான விதிகளைக்கொண்டு அதைச் சாதிப்பவை அதிகமில்லை.

விமானிகளைத் தேர்ந்தெடுப்பதும் இதே கணக்கின் பகுதிதான். ஃபாக்ஸ், ஃபால்கோ, பெப்பி, ஸ்லிப்பி ஆகிய பழைய நால்வரோடு மியு, ஃபே என்ற இரண்டு பெண் விமானிகளும் இருக்கிறார்கள். ஆறு பேரில் இருவரைத் தேர்ந்து புறப்பட வேண்டும். ஒருவர் வீழ்ந்தால் மற்றவரைக்கொண்டு தொடரலாம். புதியவர்கள் இருவரின் விமானங்களும் குண்டை விரைவாகத் திரட்டிச் சுடும், ஆனால் அடி தாங்காது. பெப்பியும் ஸ்லிப்பியும் அதற்கு நேர்மாறு. எனக்குப் பிடித்த ஜோடி மியுவும் பெப்பியும்: விண்வெளியில் துரத்திப் பிடிக்க ஒருவர், தளங்களுக்குள் அடிவாங்கி நடக்க ஒருவர். மியுவும் ஃபேயும் இதற்கு அடுத்து வந்த ‘ஸ்டார் ஃபாக்ஸ் 64’-இல் இடம்பெறவில்லை என்பதை இங்கே விளையாடியபின் நினைத்தால் சற்று எரிச்சலாகவே இருக்கிறது.

‘நடக்க’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. செலக்ட் பொத்தானை அழுத்தினால் ஆர்விங் விமானம் இரண்டு கால் முளைத்த இயந்திரமாக மாறித் தரையில் இறங்கி நடக்கிறது. கால்களின் இயக்கம் முதலில் தடுமாற்றமாக இருக்கும். திரும்புவதற்கும் பக்கவாட்டில் நகர்வதற்கும் உள்ள வேறுபாடு விரலுக்குப் பழக வேண்டும். பழகிவிட்டால், விமானமாகப் பாய்ந்து தளத்தின் மேல் வந்து, நடுவானில் உருமாறி, சரியாகப் பொத்தானின் மீது இறங்குவது இந்த கேம் தரும் மிகப் பெரிய இன்பம். அந்த உருமாற்றத்துக்குத் திரை நிற்பதில்லை, காத்திருப்பும் இல்லை. ஒரு பொத்தான், கால்கள் வந்துவிடுகின்றன. இதே எண்ணத்தை நின்டென்டோ 2016-இல் ‘ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோ’-வில் மறுபடி எடுத்தாண்டது. வரைபடத்தில் படைகளை மறிக்கும் உத்தி 2006-இல் ‘ஸ்டார் ஃபாக்ஸ் கமாண்ட்’-இலும், எத்திசையிலும் பறக்கும் சண்டையும் உல்ஃப் தலைமையிலான எதிரணியும் 1997-இல் ‘ஸ்டார் ஃபாக்ஸ் 64’-இலும் வந்துவிட்டன. ஒரு கேமைப் பூட்டிவைத்துவிட்டு அதன் உறுப்புகளை மட்டும் இருபது ஆண்டுகளாகப் பிற கேம்களுக்குத் தானம் செய்திருக்கிறார்கள். அவை அனைத்தும் ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று தேவையாக இயங்குவதை இங்கேதான் காண முடிகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. முதன்மையானது வேகம். திரையில் எதிரிகள் கூடும்போது காட்சி தத்தித் தத்தி நகர்கிறது. பழைய சிப்பின் தளர்ச்சியை, பழைய கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டரும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. வரலாற்று நேர்மை என்று இதைப் பாராட்டலாம், ஆனால் குறுகிய வழியில் குறிபார்க்கும்போது பாராட்டத் தோன்றாது. விண்வெளிச் சண்டைகள் விமானி அறையிலிருந்து பார்ப்பதாக அமைந்துள்ளன; ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும் இவற்றில் பல ஒன்றுபோலவே இருக்கின்றன. அளவும் சிறியது. நார்மல் நிலையை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். இத்தனை ஆண்டுக் காத்திருப்புக்கு இவ்வளவுதானா என்று முதல் முறை முடித்தவர்களில் பலர் ஏமாந்துபோவது இதனால்தான். ஆனால் நார்மல் என்பது பாடம் கற்றுத்தரும் நிலை மட்டுமே. ஹார்ட் நிலையில் தளங்கள் கூடுகின்றன, எதிரிகள் பெருகுகிறார்கள், நான் மேலே சொன்ன அந்தக் கணக்கு உண்மையில் அங்கேதான் கழுத்தை நெரிக்கத் தொடங்குகிறது. ஒரு முறை விளையாடி மதிப்பெண் போட்ட விமர்சனங்களைக் கொஞ்சம் ஐயத்தோடு படியுங்கள்.

இணையத்தில் இதை ஏற்கெனவே விளையாடியவர்களும் இருக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் கசிந்த ஒரு வளர்ச்சிநிலைப் பிரதியை ரசிகர்கள் ஆங்கிலத்துக்கு மாற்றி உலவவிட்டிருந்தார்கள். அது இறுதி வடிவம் அல்ல என்பதைக் கத்பர்ட் பலமுறை சொல்லிவந்தார். 2017-இல் வந்தது நின்டென்டோவின் கிடங்கில் இருந்த, முடிக்கப்பட்ட பிரதி. கசிந்ததை மட்டும் விளையாடிவிட்டு இதைத் தெரியும் என்று ஒதுக்குபவர்கள் ஒருமுறை இதையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கன்சோலைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். மொத்தம் 21 கேம்கள், இரண்டு கன்ட்ரோலர்கள், எச்டிஎம்ஐ இணைப்பு. அமெரிக்காவில் அறிமுக விலை 79.99 டாலர். கன்ட்ரோலர்கள் பழையவற்றின் அச்சு அசல். பொத்தான்களின் அழுத்தம்கூட மாறவில்லை. முந்தைய ஆண்டு வந்த என்இஎஸ் கிளாசிக்கைவிடக் கம்பி நீளம் என்றாலும், இன்றைய கூடத்துக்கு அதுவும் போதாது. ஒரு கேமிலிருந்து பட்டியலுக்குத் திரும்ப, எழுந்து போய் இயந்திரத்தில் உள்ள ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டியிருப்பது அசௌகரியம். எங்கே வேண்டுமானாலும் நிறுத்திச் சேமிக்கும் வசதியும், சேமித்த இடத்திலிருந்து சற்றுப் பின்னோக்கிச் செல்லும் வசதியும் உண்டு. இந்த கேமில் பின்னோக்கிச் செல்வதைப் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். தவறவிட்ட ஏவுகணையைத் திரும்பப் பிடிக்க முடிந்தால் பிறகு அந்த வரைபடத்துக்கு என்ன பொருள்?

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. ‘ஸ்டார் ஃபாக்ஸ்’ முதல் பாகத்தின் முதல் கட்டத்தை முடித்தால்தான் இரண்டாம் பாகம் திறக்கும் என்று பூட்டுப் போட்டு அதற்கொரு மரியாதை செய்தவர்கள், திறந்தபின் அது என்ன, ஏன் இத்தனை காலம் மறைந்திருந்தது, யார் செய்தது என்பதைக் கன்சோலுக்குள் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. விளையாட்டுக் கையேட்டைக்கூட இணையதளத்தில்தான் தேடி எடுக்க வேண்டும். விதிகள் புதியவை என்பதால் கையேடு இல்லாமல் தொடங்குபவர் முதல் அரைமணி நேரம் குழம்புவது உறுதி. கைவிடப்பட்ட வடிவங்களை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு, 2023-இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் வெளியிட்ட ‘தி மேக்கிங் ஆஃப் கராட்டேகா’ நல்ல முன்னுதாரணம். ஜோர்டன் மெக்னர் கல்லூரி நாட்களில் எழுதி, வெளியீட்டாளர் ஏற்காமல் போன ‘டெத்பவுன்ஸ்’ கேமையும், ‘கராட்டேகா’வின் வளர்ச்சிநிலை வடிவங்களையும், கடிதங்கள், வரைபடங்கள், பேட்டிகளோடு காலவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் அங்கேயே விளையாடவும் விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தபின், நின்டென்டோவிடம் இருந்திருக்கக்கூடிய வரைவுகளும் குறிப்புகளும் கண்ணில் படாமலே போனது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

இந்தக் கன்சோலின் தயாரிப்பு 2018-ஓடு நின்றுவிட்டது. பழைய பொருள் சந்தையில் கிடைப்பவற்றில் போலிகள் கலந்திருக்கின்றன என்பதால், இந்த ஒரு கேமுக்காக மட்டும் அதைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. 2019 டிசம்பரிலிருந்து நின்டென்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவிலும் இது இடம்பெற்றுள்ளது. அங்கே முதல் பாகத்தை முடிக்க வேண்டிய பூட்டும் இல்லை. சந்தா ஏற்கெனவே உள்ளவர்கள் தயங்கவே வேண்டாம். கையேட்டை முதலில் படித்துவிட்டு, நார்மல் நிலையை ஒரே மூச்சில் முடித்து, அங்கே பெறும் மதிப்பெண்ணைப் பொருட்படுத்தாமல் நேராக ஹார்ட் நிலைக்குப் போங்கள். விமானிகளில் ஒருவராக மியுவை எடுத்துக்கொள்ளுங்கள்.