ஐகோஸ்: பழைய தகடு வகையும் புதிய இலூமாவும்

இழுக்கும்போது சிகரெட்டின் நுனி 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கார்பன் மோனாக்சைடும் தாரும் பெரும்பாலும் அந்த எரிதலில்தான் உண்டாகின்றன. ஐகோஸ் கருவி புகையிலையைக் கொளுத்தாமல் 350 டிகிரி வரை சூடாக்குகிறது. இதில் செருகும் புகையிலைக் குச்சி ஒன்றுக்கு 6 நிமிடம் அல்லது 14 இழுப்பு. எது முதலில் முடிகிறதோ அதோடு நின்றுவிடும்.

2014இல் சந்தைக்கு வந்த வகையில் சூடேறும் தகடு ஒன்று குச்சிக்குள் குத்தி நிற்கும். தொல்லையெல்லாம் அந்தத் தகட்டில்தான். குச்சியை முறுக்கினால் தகடு முறியலாம். மூடியை மேலே தள்ளாமல் குச்சியை நேரே உருவினால் புகையிலைத் தூள் உள்ளேயே ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த சூட்டில் கருகும். எரியக் கூடாது என்று வாங்கிய கருவியில் கருகல் வாடை வந்தால் என்ன பயன்? ஏறக்குறைய 20 குச்சிக்கு ஒருமுறை, ஆறிய பிறகு, தூரிகையால் துடைத்தாக வேண்டும்.

2021இல் வந்த இலூமாவில் தகடு கிடையாது. இண்டக்‌ஷன் அடுப்பு பாத்திரத்தைச் சூடாக்கும் முறையில், குச்சிக்குள் இருக்கும் உலோகத் துண்டு சூடேறுகிறது, தூள் சிந்துவதில்லை. ஆனால் இதன் குச்சியைப் பழைய கருவியில் செருகினால் தகடு சேதமாகலாம். உலோகத்தின் ஓரம் கூர்மையானது என்பதால் குழந்தைகள் விழுங்கினால் பெரிய ஆபத்து. கருவியாகப் பார்த்தால் இலூமாதான் மேல், சந்தேகமில்லை.

உடம்புக்கு? அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 ஜூலையில் தகடு வகைக்கு, முழுமையாக மாறியவர்களுக்கு நச்சுப் பொருள்களின் தாக்கம் குறையும் என்று விளம்பரம் செய்ய அனுமதித்தது. நோய் வரும் ஆபத்து குறையும் என்று சொல்ல அனுமதிக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2022 மதிப்பாய்வும் நச்சு அளவு சிகரெட்டைவிடக் குறைவு என்றே கண்டது. ஆனால் அதில் சேர்ந்த மருத்துவச் சோதனைகள் அத்தனையும் புகையிலை நிறுவனங்களின் பணத்தில் நடந்தவை. சிகரெட் பழக்கத்தைக் கைவிட இது உதவுமா என்று சோதித்த ஆய்வு ஒன்றுகூட அதில் இல்லை. நிகோடின் கிட்டத்தட்ட சிகரெட் அளவுக்கே கிடைப்பதால் அடிமைத்தனமும் அப்படியே தொடரும்.

பலர் சிகரெட், ஐகோஸ் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். இதில்தான் கணக்கு உதைக்கிறது. நாளுக்கு 20 சிகரெட் தரும் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதியை ஒரே ஒரு சிகரெட் தந்துவிடும். அந்த ஒன்றையும் விடாதவருக்கு இலூமா வெறும் செலவு. புகைக்காதவர் இதைத் தொடவே வேண்டாம். விட நினைப்பவர் முதலில் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம், புகைப்பதை நிறுத்த உதவும் வரெனிக்லின் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கட்டும். அவற்றுக்குச் சான்று இருக்கிறது.