உதவி ஆசிரியை ஆக: என்.வி.கியூ.வா, மொண்டிசோரியா?

ஏ.எல். முடித்துவிட்டு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் முன்பள்ளியில் சேர நினைக்கும் தங்கச்சிமார் பலர் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற் தகைமைக்கும், பிள்ளைகள் பொருட்களைக் கையாண்டு தாமே கற்கும் மொண்டிசோரி முறைக்கான பயிற்சிக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

அங்கீகாரம்: என்.வி.கியூ. அரச தகைமை. மட்டம் 4 எடுத்தால் 5, 6 என டிப்ளோமா வரை ஏறலாம். மொண்டிசோரியில், அந்த முறையை உருவாக்கிய மரியா மொண்டிசோரி 1929இல் தொடங்கிய ஏ.எம்.ஐ. எனும் சர்வதேச மொண்டிசோரி சங்கத்தின் சான்றிதழுக்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு. ஆனால் 'மொண்டிசோரி' என்ற பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். சான்றிதழில் கையொப்பமிடுவது யார் என்று கேட்காமல் காசு கட்டாதீர்கள். என்.வி.கியூ.விலும் நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. இரண்டையும் பாருங்கள்.

செலவு: அரச பயிற்சி நிலையத்தில் என்.வி.கியூ. குறைவு, ஏ.எம்.ஐ. நன்றாகவே கூட.

படிப்பு: மொண்டிசோரியில் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரையான பத்து இளஞ்சிவப்புக் கட்டைகளை அடுக்கிக் காட்டுவதைக்கூடக் கைக்குப் பழகும்வரை செய்யவேண்டும். என்.வி.கியூ.வில், ஏற்கெனவே வேலை செய்பவர் அந்த அனுபவத்தைக் காட்டியே மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இது பெரிய வசதி.

இப்போதே முன்பள்ளியில் நிற்பவருக்கும் கையில் காசு குறைந்தவருக்கும் என்.வி.கியூ.தான் சரி. மொண்டிசோரி முறையிலேயே ஊன்ற விரும்புபவரும் வெளிநாட்டு எண்ணம் உள்ளவரும் ஏ.எம்.ஐ.க்குப் போகலாம்.